காற்றில் எடுத்த அளவு

மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில் பெரிய சிஸ்டரே படியிறங்கி ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். அவர் கீழே வருவது அபூர்வம். முட்டிவலி. ஏதாவது வேண்டுமென்றால் போனில் நாலு வார்த்தை திட்டுவார், வேலை நடக்கும். அன்று கதவோரம் நின்ற காலி ஆக்ஸிஜன் சிலிண்டரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"மீட்டர், உன் மெஷின் பொய் சொல்லுது."

ஒர்க்‌ஷாப் என்பது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்த அறைக்கும் நடுவே இருந்த நீளமான ஓர் அறை. சலவை மெஷின்கள் சுற்றும்போது மேசைமேல் இருக்கும் திருகுகள் தாமாக நகரும். ஆஸ்பத்திரியில் கெட்டுப்போகிற மெஷின்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒரு காலத்தில் ஐந்து பேர் பார்த்த வேலையை இப்போது இரண்டு பேர் பார்த்தார்கள், அவளும் அவள் கணவரும். கழுத்தில் மல்ட்டிமீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு வார்டு வார்டாக அலைவதால் அவளுக்கு மீட்டர் என்று பெயர் விழுந்திருந்தது. கணவருக்கு 'ஆயிடும்'. எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆயிடும், வச்சிட்டுப் போங்க" என்பார். பெரும்பாலும் ஆகியும் விடும். ஆபரேஷன் தியேட்டர் கம்ப்ரஸர் மக்கர் செய்ததால் இரண்டு நாளாக அவர் மொட்டை மாடியிலேயே கிடந்தார்.

"எந்த மெஷின் சிஸ்டர்?"

"குழந்தைங்க வார்டுல ஜன்னலோரம் இருக்கிற வார்மர். திரையில முப்பத்தாறே முக்கால்னு காட்டுது. அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சா முப்பத்தஞ்சரைகூட வரமாட்டேங்குது."

"தெர்மாமீட்டர் பழசா இருக்கும்."

"டாக்டரும் அதையேதான் சொன்னார். மூணு தெர்மாமீட்டர் மாத்திட்டேன். சரி, அது பழசுன்னே வச்சுக்குவோம். என் கையும் பழசா? குழந்தையோட பாதத்தைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு."

அவள் எழுந்தாள். காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வந்ததிலிருந்து இரண்டு சக்‌ஷன் மெஷின், ஒரு மானிட்டர். மதியம் சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றது. ஒரு மாசமாகவே அவளுக்கு உடம்பு அசதி என்பதைத் தாண்டி, எலும்புக்குள் ஈரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் எழுந்து சிஸ்டருக்குப் பின்னால் படியேறினாள்.

குறைமாசத்தில் பிறந்த குழந்தைகளைக் கிடத்தும் மேசைதான் வார்மர். மேலே ஒரு சூடேற்றி. குழந்தையின் வயிற்றில் சூட்டை உணரும் மிளகளவு மணி ஒன்றை ஒட்டுவார்கள். அதிலிருந்து முடி மாதிரி மெல்லிய வயர் மெஷினுக்குப் போகும். குழந்தை குளிர்ந்தால் மணி சொல்லும், மெஷின் சூட்டைக் கூட்டும். குழந்தைக்குப் போதுமான சூடு வந்தால் குறைக்கும். எல்லாமே அந்த மணி சொல்வதை நம்பித்தான்.

சிஸ்டர் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்ட எடுத்துப்போனதும், அவள் மெஷினின் கண்ட்ரோல் பெட்டியை மணியோடு கழற்றிக்கொண்டு கீழே வந்தாள். பிளாஸ்கில் வெந்நீர் விளாவி, பாதரச தெர்மாமீட்டரையும் மணியையும் ஒன்றாக முக்கினாள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டாள், மறுபடி ஒரே அளவு. இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் பார்ப்பார்கள். பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சிஸ்டர். ஒட்டுற டேப் லூசா இருக்கும், பாருங்க."

பெரிய சிஸ்டர் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் என்னவோ போலிருந்தது. "அப்ப என் கைதான் பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, மூலையில் நாற்காலியில் இருந்த பெண்ணின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அதோ, அதுதான் அம்மா. குழந்தை எடை ஏறவே இல்ல. பால் போதலைன்னு டாக்டர் கேஸ் ஷீட்ல எழுதிட்டார். பார்வையாளர் நேரம் வந்தா மாமியார் வந்து உட்கார்ந்துக்கிட்டு ஒரே பாட்டு. 'எங்க வம்சத்துலயே இப்படி ஒருத்தி வந்ததில்ல.' அது பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருது."

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மடியில் ஒரு சின்னக் கப் வைத்திருந்தாள். பிழிந்தெடுத்த பால் அடியில் கொஞ்சம் இருந்தது. அவர்கள் பார்ப்பதைக் கண்டதும், திருட்டுப் பொருளை மறைப்பதுபோலக் கப்பைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

மீட்டர் கீழே வந்து உட்கார்ந்தாள். கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தது. அவள் கடமை முடிந்துவிட்டது, யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கப்பை மூடிய அந்தக் கை மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளுக்கும் ஒரு மகள் உண்டு, இப்போது ஹாஸ்டலில். மகள் பிறந்தபோது பால் நிற்கவே இல்லை, ஊற்றிக்கொண்டே இருந்தது. அதற்காக அவளை யாரும் புகழவில்லை. இல்லாவிட்டால் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

"சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மறுபடி மேலே போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பெரிய சிஸ்டர் குழந்தையை மறுபடி அம்மாவிடம் கொண்டுபோனார்.

இரண்டாவது முறையும் பிளாஸ்க், இரண்டாவது முறையும் அதே பொருத்தம். மணியை எடுத்துத் துடைத்து, மேசை விளிம்பில் தொங்கவிட்டாள். டீ சொல்லலாமென்று போனை எடுக்கத் திரும்பியபோதுதான் பெட்டியின் திரையைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரில் அறையின் சூடு இருபத்தாறு. மணி சும்மா காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலும் இல்லை, விளக்கும் பக்கத்தில் இல்லை. திரை இருபத்தெட்டு என்றது. ஈரம் காயக் காய இன்னும் கொஞ்சம் ஏறியது.

தண்ணீரில் உண்மை சொல்கிற மணி காற்றில் ஏன் கூட்டிச் சொல்கிறது?

டீ சொல்லவில்லை. மணியை மெஷினிலிருந்து பிரித்து, மேசையில் இருந்த பவர் சப்ளையில் மாட்டினாள். இந்தச் சப்ளையில் குமிழைத் திருகி வோல்டேஜை வேண்டுமளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். மணிக்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறோம் என்று பார்க்க ஒரு மீட்டர், அதன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க இன்னொன்று. இரண்டாவதற்குப் பழைய முள் மீட்டரையே எடுத்துக்கொண்டாள். எண் காட்டும் மீட்டர்கள் துள்ளிக்கொண்டே இருக்கும், முள் என்றால் அதன் போக்கு கண்ணுக்குத் தெரியும்.

முதலில் தண்ணீரில். வோல்டேஜை ஒவ்வொரு படியாக ஏற்றினாள், ஒவ்வொரு படிக்கும் கரண்ட் எவ்வளவு என்று கட்டம்போட்ட தாளில் புள்ளி வைத்தாள். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்கு. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் புள்ளிகள் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்தன. கடைசியில் மட்டும் கோடு லேசாக மேலே போனதோ என்னவோ, பென்சில் தடிமனுக்குள் அடங்கிவிட்டது.

பிறகு மணியைத் துடைத்துக் காற்றில் தொங்கவிட்டு அதே வேலையை மறுபடி செய்தாள். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலாவது ஐந்தாவது புள்ளியில் முள் அடங்கவில்லை. ஓரிடத்துக்குப் போய் நின்றது, பிறகு மெல்ல மேலே நகர்ந்தது. அவள் காத்திருந்தாள். நகர்ந்து ஓய்ந்த பிறகு புள்ளி வைத்தாள். அடுத்த படியில் இன்னும் அதிகமாக நகர்ந்தது. கோடு நேராகப் போவதை விட்டுவிட்டு மேல்நோக்கி வளைய ஆரம்பித்தது. அவள் குமிழைத் தொடவே இல்லை, கரண்ட் பாட்டுக்குத் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

பென்சிலைக் கீழே வைத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

அந்த மணியின் குணம், சூடானால் கரண்டை அதிகம் விடுவது. அதை வைத்துத்தான் மெஷின் குழந்தையின் சூட்டைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் கரண்ட் போனாலே எதுவும் கொஞ்சம் சூடாகும். வோல்டேஜ் கம்மியாக இருந்தால் அந்தச் சூடு கணக்கிலேயே வராது. அதிகமானால் மணி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது, அந்தச் சூட்டையும் சேர்த்துக் குழந்தையின் சூடு என்று சொல்லிவிடுகிறது. தண்ணீரில் முக்கினால் தண்ணீர் அந்தச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், அதனால் தப்பு வெளியே தெரியாது. குழந்தையின் வயிற்றில், டேப்புக்கும் பஞ்சுக்கும் அடியில், சூடு போக வழி ஏது? மெஷின் குழந்தை கதகதப்பாக இருக்கிறதென்று நம்பி, மேலே சூட்டைக் குறைத்துவிடும். குழந்தை குளிரில் கிடக்கும். குடித்த பாலையெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவழிக்கும். பிறகு எடை எங்கிருந்து ஏறும்?

சரி, மெஷின் எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறது? அளந்து பார்த்தாள். அவள் வரைந்த வளைவில் அது நேர்கோட்டைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்தது. இப்படி இருக்கக் கூடாது. பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று, மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, இது மட்டும் புதுப் பளபளப்போடு இருந்தது. வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது அதுதான். சரியானது கிடைக்காமல், அதிக வோல்டேஜ் தருவதை எடுத்துப் போட்டிருந்தார்கள். திரையில் அளவு சரியாக வருவதற்காகப் பக்கத்திலிருந்த சின்னத் திருகைத் திருப்பி, அது அசையாமலிருக்க மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருந்தார்கள். ஊதா நிறம்.

மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது குளியலறை அலமாரியில் விட்டுவிட்டுப் போன பாட்டில் அது. எங்கே போயிற்று என்று அவளே ஒருநாள் தேடியிருக்கிறாள்.

சலவைக்கூடத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

வார்டுக்குப் போய் மற்ற வார்மர்களின் பெட்டிகளையும் திறந்தாள். இன்னும் இரண்டில் அதே ஊதாச் சொட்டு இருந்தது. பெரிய சிஸ்டரிடம், "மூணு வார்மரும் இன்னிக்கு வேணாம் சிஸ்டர். குழந்தைங்களை அம்மாக்களோட சேர்த்துக் கட்டிடுங்க. உங்க கை சரியாத்தான் சொல்லுச்சு" என்று மட்டும் சொன்னாள். சிஸ்டர் கையிலிருந்த போர்வைகளைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் குழந்தையைத் தூக்கப் போனார்.

*

கணவர் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் கம்ப்ரஸர் எண்ணெய். துணி காய இடமில்லாமல் வீட்டுக்குள் கட்டியிருந்த கொடிகளைக் குனிந்து தாண்டி வந்து உட்கார்ந்தார். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவர் பாதி சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

"குழந்தைங்க வார்டு வார்மர்ல ரெகுலேட்டர் நீங்கதானே மாத்துனீங்க?"

"ஆமா. போன வெயில்காலத்துல. ஏன், போயிடுச்சா?"

"போகல. வோல்டேஜ் அதிகம். மணி தானா சூடாகுது."

"தண்ணில வச்சுப் பாத்தேனே. புள்ளி மாறாம காட்டுச்சு."

"தண்ணில சரியாத்தான் காட்டும். காத்துல பாக்கலை."

அவர் கை நின்றது. விஷயம் புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் முகம் அப்படியே சுண்டிப்போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டோர்ல எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? வரும் வரும்னு இழுத்தடிச்சாங்க. மூணு மெஷின் சும்மா கிடந்துச்சு. ஒரே வார்மர்ல ரெண்டு குழந்தையைப் போட்டிருந்தாங்க. நான் என்ன பண்ணியிருக்கணும்? சொல்லு."

"உங்களைக் குத்தம் சொல்லலை."

"பின்ன எதுக்கு இதைச் சாப்பிடும்போது சொல்ற?"

சாப்பிட்ட பிறகு சொன்னால் தூங்கப்போகும்போது ஏன் சொன்னாய் என்பார், காலையில் சொன்னால் வேலைக்குக் கிளம்பும்போது என்பார். இதைச் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று இல்லை.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"உயிருக்கு ஒண்ணுமில்ல. எடை ஏறலை. பால் போதலைன்னு ஒரு பொண்ணைப் போட்டு வதைக்கிறாங்க."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

*

மறுநாள் அவர் சொல்லவில்லை. காலையிலேயே மாடிக்குப் போனவர், மதியம்வரை இறங்கவே இல்லை. கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கீழே வரைக்கும் நன்றாகக் கேட்டது. அவள் போன் செய்தாள். "இதோ, ஒரு வால்வு மட்டும்" என்றார். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

முந்தின வாரம் செத்துப்போன பழைய மானிட்டர் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்து சரியான ரெகுலேட்டர்கள் எடுத்தாள். ஒன்றை மாட்டி, மணியைக் காற்றில் தொங்கவிட்டாள். அறைச்சூடு எவ்வளவோ அவ்வளவே காட்டியது. அடுத்த இரண்டையும் மாட்டினாள். இதோடு முடித்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. ஊதாப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் அதுவும் இருக்காது. மூன்று பெட்டிகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை கனத்தது. சும்மா இருந்துவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வராமலில்லை. வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் வரைந்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு குழந்தைகள் டாக்டரின் அறைக்குப் போனாள்.

டாக்டர் நல்ல மனிதர். அவரும் அசந்துபோயிருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். இரண்டு கேள்விகள் கேட்டார், இரண்டும் சரியான கேள்விகள்.

"இப்ப சரியாயிடுச்சு இல்ல?"

"ஆயிடுச்சு டாக்டர். ஆனா அந்தப் பொண்ணோட ஷீட்ல..."

"நான் எழுதினதுதான்." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "இதை நான் மேல எழுதினா விசாரணை வரும். விசாரணை வந்தா முதல் வேலையா வார்மர் அத்தனைக்கும் சீல் வச்சிட்டுப் போவாங்க. இந்த மழையில குழந்தைங்களை நான் எங்க வைக்கிறது? உங்க வீட்டுக்காரர் வேலையும் போகலாம். யோசிச்சுப் பாருங்க. எடை இனிமே ஏறிடும். ஏறினா அந்தப் பொண்ணும் மறந்துடும்."

"மறக்காது டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

டாக்டர் தாளை அவளிடம் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்தபோது வார்டு வாசலில் அவள் கணவர் நின்றிருந்தார். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

"உள்ள போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கச் சொன்னார்."

அவர் தலையாட்டினார். "நான் மாடியில யோசிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு வார்டுக்குள் நுழைந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

அந்தப் பெண் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவர் நாற்காலிக்கு எதிரே போய் நின்றார். இப்படிப் பேசிப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

"உங்க பால் போதலைன்னு சொன்னாங்க இல்ல, அது இல்லம்மா. மெஷின்ல தப்பு. குழந்தைக்குக் குளிர்ந்திருக்கு. அதான் எடை ஏறலை. மெஷினை ரிப்பேர் பண்ணது நான்."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். அழுவாளோ, கத்துவாளோ என்று மீட்டர் நினைத்தாள். இரண்டும் இல்லை. அந்தப் பெண் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இதை என் மாமியார்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அவங்க வெளில பெஞ்சுல இருக்காங்க. இப்பவே சொல்லுங்க."

மாமியார் மடியில் ஒரு பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று மீட்டர் எதிர்பார்த்தாள். அப்படியில்லை, வார்த்தைகளை மென்று விழுங்கினார். கேட்டு முடித்த மாமியார், "நாங்க என்னத்தைக் கண்டோம்? டாக்டர் சொன்னதைத்தானே நாங்களும் சொன்னோம்" என்றார். பிறகு, "என் பேரனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மருமகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிவிட்டார் என்று பெரிய சிஸ்டர் பிறகு சொன்னார்.

*

குழந்தையின் அப்பா புகார் எழுதிக் கொடுத்தார். கொடுக்காமல் இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. விசாரணை வந்தது. டாக்டர் கடைசியில் நேர்மையாகவே நடந்துகொண்டார். கேஸ் ஷீட்டில் பழைய வரியை அடித்து, மெஷின் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோட்டு போட்ட இருவர் வார்மர்களுக்குச் சீல் வைக்க வந்தபோது பெரிய சிஸ்டர், "தாராளமா வைங்க. குழந்தைங்களை நீங்களே ஆளுக்கு ரெண்டா தூக்கிட்டுப் போயிடுங்க" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் சீல் வைக்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டோரில் ஏன் பாகம் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வரும் வரும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் கணவரை நோயாளிகளின் மெஷின் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிச் சலவைக்கூடத்து பாய்லருக்கு மாற்றினார்கள். ஒர்க்‌ஷாப்பில் அவள் ஒருத்திதான் மிச்சம். இரண்டு பேர் வேலை ஒருத்தி தலையில் விழுந்தது, அதோடு ஒவ்வொரு மணியையும் தண்ணீரிலும் காற்றிலும் பார்த்து வளைவு போடும் வேலையும் சேர்ந்துகொண்டது. அதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் மெஷினை வார்டுக்கு அனுப்ப அவளுக்குத்தான் மனசு வரவில்லை.

அவர் அவளிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் ஓடும்போது அவர் இருமுவது இவளுக்குக் கேட்கும். மதியம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார், மேசையில் இருக்கும் எதையும் தொடமாட்டார். கையை மடியில் வைத்துக்கொள்வார். ஸ்க்ரூ டிரைவரை எட்டி எடுத்துத் தரச் சொன்னால்கூட, "நான் தொடக் கூடாது இல்ல" என்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார். முதல் தடவை அவள் சிரித்தாள்.

குழந்தை எடை ஏறி வீட்டுக்குப் போனபோது அவள் பார்க்கவில்லை. கீழே ஏதோ ஒரு பம்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "கன்னமெல்லாம் உப்பிடுச்சு" என்று பெரிய சிஸ்டர் போனில் சொன்னார். "அந்தப் பொண்ணு உன் வீட்டுக்காரரைக் கேட்டுச்சு. பாய்லருக்கு ஆள் அனுப்பினேன். வரமாட்டேன்னுட்டார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை விட்டிருந்தது. அவள் துணிகளை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தபோது, சமையலறை மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய சொந்த மல்ட்டிமீட்டர், ஒரு பழைய முள் மீட்டர், வீட்டில் எப்போதும் கிடக்கும் சின்ன சப்ளை.

"குப்பையில போட்ட மணி ஏதாவது உன் பையில இருக்கா?" என்றார்.

இருந்தது. வயர் அறுந்த ஒன்று. எடுத்துக் கொடுத்தாள். அவர் வயரைச் சீவி, ஒட்டி, மாட்டினார். கை பழைய வேகத்தில் ஓடியது. "எப்படிப் பண்ணே? காமி."

அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குமிழை அவரே திருகினார். ஒரு படி, இன்னொரு படி. முள் போனது, நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார். முள் நின்று, பிறகு யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவதுபோல நகர ஆரம்பித்தது. அவர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். முள் அப்போதும் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, ஓரிடத்தில் ஓய்ந்தது. அவர் குனிந்து, முகத்தை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பாத்திருந்தாலே போதும்."

"தண்ணில பாத்தா எல்லாருமே அதோட விட்டுருவாங்க. நானும் ரெண்டு தடவை விட்டேன்."

அவர் வோல்டேஜைக் குறைத்தார். மறுபடி ஏற்றினார். தாள் ஒன்றை எடுத்து அவரே புள்ளி வைக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு படியிலும் முள் ஓயும்வரை காத்திருந்து. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மேசைமேல் கையை மடித்து, அதில் தலையைச் சாய்த்தாள். பென்சில் உரசும் சத்தமும், இடையிடையே குமிழ் திரும்பும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"படுத்துக்கறதுன்னா உள்ள போய்ப் படேன்" என்றார் அவர்.

"இங்கயே இருக்கேன்" என்றாள்.